பஸ்ஸில் பாஸான டேட்டாபேஸ்

மன்னார்குடியில் ஓர் உரக்கடை மாடியில் கயல்விழியும் ரெமிஜியஸும் ஆப் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார்கள். சம்பா அறுப்புக்கு மெஷின் வேண்டுகிறவர்கள் போனிலேயே பதிவு செய்யலாம். ஒரே மெஷினை ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்குக் கொடுத்துவிடக் கூடாது, அதுதான் முக்கியம்.

மூன்றாவது ஆளாகச் சேர அனிட்டா வேதாரண்யத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

"அவ லேப்டாப்ல டேட்டாபேஸ் போடணும், பாஸ்வேர்டு வைக்கணும், டேபிளெல்லாம் கையால உண்டாக்கணும். எனக்கு அதுலயே தாவு தீந்துபோச்சு" என்றான் ரெமிஜியஸ்.

"அவளுக்கு அந்தப் பாடே வேணாம். பில்ட் ஸ்கிரிப்ட்டே பாத்துக்கும்."

புரோகிராமைத் தொகுத்துச் சோதிக்கும் அந்த ஸ்கிரிப்ட்டுக்குள் கயல் சில வரிகள் சேர்த்திருந்தாள். குட்டி டேட்டாபேஸ் ஒன்றை அதுவே இறக்கிக்கொள்ளும், எழுப்பும், பதிவுகளை அடுக்கிவைக்கும் டேபிள்களை உண்டாக்கும், மாதிரிப் பதிவுகளைப் போடும், டெஸ்ட்களை ஓட்டும், பிறகு மூடிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே கமாண்ட். தட்டினாள். திரை முழுக்கப் பச்சை, எல்லா டெஸ்ட்டும் பாஸ்.

"ஏய்!" ரெமிஜியஸ் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். "இன்னொரு தடவ ஓட்டு!"

ஓட்டினாள். ஒரே சிவப்பு. இராஜாங்கம் என்ற விவசாயி ஏற்கெனவே இருக்கிறாராம்.

"யாரு அந்த இராஜாங்கம்?"

"நான்தான் மாதிரிக்குப் போட்டேன். போன தடவ போட்டது டிஸ்க்லயே உக்காந்திருக்கு. மனுசன் வீட்டுக்கே போகல!"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்காமலேயே கயல் ஒரு செட்டிங்கை மாற்றினாள். இனி டேட்டாபேஸ் டிஸ்க்குக்கே போகாது, மெமரியில் மட்டும் இருக்கும். பில்ட் முடிந்ததும் இராஜாங்கமும் மறைந்துபோவார். பச்சை. மறுபடியும் பச்சை. ரெமிஜியஸ் அவளைத் தள்ளிவிட்டு, சலிக்கிற வரைக்கும் தானே ஓட்டிப் பார்த்தான்.

உடனே அனிட்டாவுக்குப் போன் போட்டார்கள்.

"பஸ்ஸுலயா? இப்பவேயாக்கா?"

"லேப்டாப்பத் தொற. நம்ம புரோகிராம இறக்கு. ஒரே கமாண்ட்தான்."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். பஸ் இரைச்சல், ஹாரன், யாரோ இருமல். கயல் நகத்தைக் கடித்தாள். தன் கம்ப்யூட்டரில் ஓடியது வேறொருத்தியின் லேப்டாப்பிலும் ஓட வேண்டுமே!

"அக்கா!" அனிட்டாவின் அலறலில் போன் அதிர்ந்தது. "பாஸ்! எல்லாமே பாஸ்!"

மாடியில் இருவரும் குதித்த குதியில் கீழிருந்து உரக்கடைக்காரர், "என்னங்க அங்க?" என்று குரல் கொடுத்தார்.

போனில் பக்கத்து சீட்டு அம்மா ஒருவர் கேட்பது காதில் விழுந்தது. "எந்தப் பரிச்சைம்மா?"

"பரிச்சை இல்லங்க, டேட்டாபேஸ்..."

"ஏதோ ஒண்ணு, பாஸாயிட்டீல்ல!" அந்த அம்மா பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தார். "பொண்ணு பாஸாயிடுச்சாம்!"

பஸ்ஸில் கைதட்டல் எழுந்தது. யாரோ கடலைமிட்டாய் நீட்டியிருக்க வேண்டும். "தேங்க்ஸுங்க" என்ற அனிட்டாவின் குரல் அதற்குப் பிறகு வாய் நிறைய மென்றபடி வந்தது.