சேணப்பையில் இருந்த கருவி

1

எங்கள் வேட்டைநாய் கிளப்பின் ஆண்டு விருந்தில் வாசிக்க ஒரு கதை வேண்டுமாம். "நாய்க் கதையா எழுது, ஆரின். கடைசில எல்லாரும் கண்ணத் தொடைக்கணும்" என்றார் செயலாளர். அப்படித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். யார் கண்ணையும் துடைக்க வைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

2

முதல் தொடக்கம்: வடக்கு டகோட்டாவின் செப்டம்பர் காலை, புல் நுனியில் பனி பொன்னாக மின்ன—

அடித்துவிட்டேன். அன்று வெறும் காற்றும் புழுதியும்தான்.

இரண்டாவது: அன்றைய நடுவர் ஒரு நேர்மையான—

இதையும் அடித்தேன். நடுவர் நான்தான்.

3

இளம் நாய்களுக்கான போட்டி. அரை மணி நேரத்துக்குள் கவுதாரியை மோப்பம் பிடித்து, அதன் முன் அசையாமல் நிற்க வேண்டும். நாயின் கழுத்தில் ஒரு பட்டை இருக்கும். அந்தப் பட்டை எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி, குதிரையில் கூடவே வரும் நடுவரின் சேணப்பையில் அணைந்து கிடக்கும். நாயைப் பழக்கிக் களத்தில் ஓட்டுபவர் கேட்டால் கொடுக்கலாம். கேட்ட நொடியே நாய் போட்டியிலிருந்து அவுட்.

(விதி போட்டவர்களைத் திட்டி இங்கே ஒரு பத்தி இருந்தது. அந்தக் குழுவில் நானும் இருந்தேன் என்பதால் எடுத்துவிட்டேன்.)

டான்சி பதினான்கு மாத வெள்ளை நாய், செட்டர் இனம். அன்று ஓடியவற்றில் அவளுக்கு நிகர் இல்லை. பதினெட்டாம் நிமிடத்தில் மேட்டைத் தாண்டினாள், திரும்பவில்லை. அந்தப் பக்கம் கைவிட்ட பண்ணை வீடுகள் மூன்று உண்டு. ஒவ்வொன்றிலும் தரைக்குள் பழைய மழைநீர்த் தொட்டி. பலகை மூடிகள் எப்போதோ உளுத்துவிட்டன.

4

டான்சியை ஓட்டியவன் வெர்லின். அவன் மனைவி ஜோலீன் குதிரையில் மேடுவரை போய்த் தேடிவிட்டு வந்தாள்.

"கருவிய வாங்கு, வெர்லின்."

"எங்கயோ பறவ முன்னால நிக்கிறா. டயம் முடியறதுக்குள்ள பாத்துட்டா மொதப் பரிசு நமக்குத்தான். சும்மா இரு."

"தொட்டில விழுந்திருந்தா?"

"உன் வாயில நல்லதே வராதா?"

அவள் குதிரையை என் பக்கம் திருப்பிக் கையை நீட்டினாள். "ஆரின், நீ குடு."

"ஓட்டுறவர்தான் கேக்கணும், ஜோலீன்."

"ரூல் எனக்கும் தெரியும். நீ மனுஷனான்னு கேக்குறேன்."

நடுவரின் மனப்போராட்டம் பற்றி இங்கே அரைப் பக்கம் எழுதியிருந்தேன். சுத்தப் பொய். கடிகாரத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

5

முடிவு ஒன்று: லைலக் பூப்புதரடியில் ஒரு காலைத் தூக்கியபடி டான்சி நிற்கிறாள், அவள் மூக்குக்கு நேரே கவுதாரிக் கூட்டம். கைதட்டல். செயலாளருக்கு வேண்டியது இதுதான். கிழித்துப் போட்டேன்.

முடிவு இரண்டு, நடந்தது: அரை மணி முடிந்த பிறகு வெர்லின் கேட்டான், கொடுத்தேன். கருவி நேராக இரண்டாவது பண்ணை வீட்டைக் காட்டியது. போய்ச் சேர்ந்தபோது தொட்டித் தண்ணீர் அசையவில்லை. சிமெண்டுச் சுவரைச் சுற்றிலும் நகக் கீறல்கள். ரொம்ப நேரம் நீந்தியிருக்கிறாள்.

வெர்லின் மண்டியிட்டு அழுதான். நான் அவனை வெறுத்தேன். என்னை வெறுப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

ஜோலீன் தனியாகவே தொட்டிக்குள் இறங்கினாள். "நீங்க ரெண்டு பேரும் அவளத் தொடக் கூடாது" என்றாள்.

6

இதை விருந்தில் படித்தால் நீங்கள் வெர்லினைத் திட்டிவிட்டு, அடுத்த தட்டை நிரப்பிக்கொள்ளப் போவீர்கள். தெரியும், நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் ஐந்தாம் பகுதியை முழுக்க அடித்துவிடுகிறேன்.

இப்போது இருபத்தைந்தாம் நிமிடம். கருவி உங்கள் சேணப்பையில் இருக்கிறது. கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. ஜோலீன் கையை நீட்டியிருக்கிறாள். விதி உங்களுக்குத் தெரியும்.

டான்சி இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறாள்.