காய்ச்சல் என்று எழுதியவள்

காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து இறங்கியது. அதில் பஞ்சு மிதந்தது. பார்க்க அழகுதான், மூச்சில் போகாதவரை.

நூற்பாலையில் பஞ்சு இல்லாத இடம் கிடையாது. தலைமுடியில், தேநீரில், அலுவலக மேசையில். எழுத்தர் கோமளா ஊதிவிட்டுத்தான் காகிதத்தைத் தொடுவாள். ஊதினால் எழும். பிறகு அதே இடத்தில் வந்து உட்காரும்.

இன்று அவள் முன்னால் ஒரே ஒரு காகிதம். ஆலை விடுதியில் இறந்துபோன அழகுமீனாவின் தாய்க்கு நிர்வாகம் எழுதிய ஆங்கிலக் கடிதம். அதைத் தமிழாக்கி வாசித்துக் காட்ட வேண்டும்.

கடிதத்தில் இருந்த சொல் ரிக்ரெட். அகராதியைப் புரட்டினாள். வருத்தம். ரயில் தாமதமானாலும் இதைத்தான் சொல்கிறார்கள். யார் செய்தது என்று கேட்காத சொல், சட்டை கசங்காத சொல்.

சாரி இன்னும் மலிவு. பேருந்தில் காலை மிதித்தவன் இறங்குமுன் வீசிவிட்டுப் போவது.

கில்ட். குற்றவுணர்வு. இதற்கு ஓர் ஆள் வேண்டும். கடிதத்தில் ஆளே இல்லை.

ரிமோர்ஸ். மன உறுத்தல். பழைய லத்தீனில் திரும்பக் கடிப்பது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. கோமளா அகராதியை மூடிவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை. வெளியே மழை. அழகுமீனா இதே மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"அக்கா, நெஞ்ச அடைக்குது. ரெண்டு நாளா மூச்சு முட்டுது. லீவு எழுதிக் குடுங்கக்கா."

விடுப்புக் கடிதம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது ஆலையின் சட்டம். விடுதிப் பெண்களுக்கு ஆங்கிலம் வராது. கோமளா எழுதுவாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அதே வரி. காய்ச்சலால் அவதிப்படுவதால். வயிற்றுவலிக்கும் காய்ச்சல். மாதாமாதம் வரும் தூரத்துக்கும் காய்ச்சல். அக்கா கல்யாணத்துக்கும் காய்ச்சல். கை தானாக ஓடும்.

அன்றைக்கும் ஓடியது.

மேற்பார்வையாளர் படித்தார். காய்ச்சல்தானே என்றார். ஒரு மாத்திரை கொடுத்து ஷிப்டுக்கு அனுப்பினார். மறுநாள் காலை எழுப்பப் போனபோது அவள் எழுந்திருக்கவில்லை.

அழகுமீனாவின் தாய் பொன்னுத்தாய் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கோமளா வாசித்தாள். ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம். யாரோ பெற்ற பிள்ளையைப் பற்றி வந்த கடிதம் போல அந்தத் தாய் கடைசிவரை தலையாட்டிக் கேட்டாள்.

"எம்புள்ள லீவு கேட்டாளா தாயி?"

"கேட்டாம்மா."

"என்னன்னு எழுதியிருந்துச்சு?"

"காய்ச்சல்னு."

"எங்கிட்ட போன்ல மூச்சு முட்டுதுன்னுல்ல சொன்னா. ஒங்ககிட்ட சொல்லலையா?"

சொன்னாள். சொன்னாள். சொன்னாள். சொல்ல வாயெடுத்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேலாளர் நின்றிருந்தார். சொன்னால் இந்த வேலை போகும். வேலையைவிட, இந்தத் தாய் தன்னைப் பார்க்கப்போகும் பார்வைக்குத்தான் கோமளா பயந்தாள்.

"இல்லம்மா. சொல்லல."

"கூறுகெட்ட கழுத," என்றாள் பொன்னுத்தாய், இல்லாத மகளைப் பார்த்து. "வாயத் தொறந்து சொல்லியிருந்தா இந்தம்மா எழுதிக் குடுத்துருக்கும்ல. எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு செத்துப்போனா."

கோமளாவுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் பொன்னுத்தாய் எழுந்தாள். இரண்டடி வைத்தவள் திரும்பி வந்தாள். கை நீண்டது. கோமளா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தலையெல்லாம் பஞ்சு தாயி. தட்டிவிட ஆளில்லையா ஒனக்கு?"

காதோரத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து விட்டுவிட்டுப் போனாள்.

அது வெயிலில் மிதந்தது. மெல்ல இறங்கி, கடிதத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. கோமளா ஊதவில்லை.