மேல்துறைத் தண்ணீர்

"இந்தப் பாட்டிலுங்கள்ல தண்ணி மொண்டது யாரு?"

கோவிந்தம்மாள் சமையலறை வாசலில் நின்று கேட்டாள். உள்ளே மேடைமேல் ஒன்பது கண்ணாடிப் பாட்டில்கள் இருந்தன. ஓடையைச் சோதிக்கச் சென்னையிலிருந்து வந்து அந்த வீட்டில் தங்கியிருந்த கல்லூரி ஆராய்ச்சி மாணவி தேவகி, நோட்டிலிருந்து தலை நிமிராமல் பதில் சொன்னாள்.

"அங்கம்மாதாங்க. நான் கரையில நின்னு எழுதிக்கிட்டேன்."

"இருளச்சி தொட்டதையா என் அடுப்பாண்ட கொண்டாந்து வச்சிக்கீற? எடும்மா மொதல்ல!"

மாட்டுக் கொட்டகையோரம் கைவலையோடு நின்றிருந்த அங்கம்மாளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. கேட்காதவளைப் போல வலையில் ஒட்டிய பாசியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தேவகி பாட்டில்களைத் தூக்கி வந்து வைக்கோல் போரருகே வைத்தபோது, அவளுடைய முகத்தைப் பார்க்கத்தான் அங்கம்மாளுக்குச் சங்கடமாக இருந்தது. அங்கம்மாளை 'நீங்க' என்று சொன்ன முதல் ஆள் அந்தப் பெண்தான்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். சாலவாக்கத்துக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் ஓடைக்கு இரண்டு துறைகள். ஊரார் இறங்குவது மேல்துறை. அதைத் தாண்டியதும் கோவிந்தம்மாளின் கணவர் பஞ்சாட்சரத்தின் பன்னிரண்டு காணி வயலின் வடிகால் ஓடையில் விழும். அதற்கும் கீழேதான் இருளர் குடிசைகளின் துறை. அவர்கள் மேலே கால் வைத்தால் தண்ணீர் தீட்டுப்பட்டுவிடுமாம். யூரியாவும் பூச்சிமருந்தும் வடிந்து கலப்பதில் யாருக்கும் தீட்டு இல்லை. சோதனைக்காக நாலு நாள் மட்டும் அங்கம்மாள் மேல்துறையில் இறங்கலாம் என்று பஞ்சாட்சரம் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்த ஓடையில் நண்டும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்தவள் அங்கம்மாள். எந்தக் கல்லடியில் எது இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மேல்துறையில் கல்லைப் புரட்டினால் மூன்று வால் பூச்சி, தும்பிக் குஞ்சு, நத்தை, நண்டு என்று வந்துகொண்டே இருந்தன. தேவகி சல்லடையில் போட்டு எண்ணி எண்ணி எழுதினாள். கீழ்த்துறையில் எண்ணும் வேலையே இல்லை. சேற்றில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தது.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று தேவகி கேட்டாள்.

"ஐயா புது நெல்லு போட்டு மருந்தடிக்க ஆரம்பிச்சதுலேந்து. மொத மொத நண்டுதாம்மா செத்து மெதந்துச்சு. அப்பால தவக்களை. போன தை மாசம் மருந்தடிச்ச மறுநாளு எம் பொண்ணு சரசு வாந்தியெடுத்துக்கினு மூணு நாளு கெடந்தா. இன்னும் அவளுக்குக் காலு நெலையா நிக்கல." அங்கம்மாள் கையிலிருந்த கல்லைத் திரும்ப ஓடையில் வைத்தாள். "நாங்க குடிக்கறது இன்னாம்மா, வெசமா?"

தேவகி பேனாவை மூடினாள். "இதைக் குடிக்காதீங்க அங்கம்மா."

"வேற எத்த குடிக்கறது?"



ஊருக்குக் கிளம்பும் அன்று தேவகி பஞ்சாட்சரத்திடம் முடிவைச் சொன்னாள். மேல்துறைத் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, வடிகாலுக்குக் கீழே ஓடை செத்துக்கொண்டிருக்கிறது, வடிகாலை வேறு பக்கம் திருப்ப வேண்டும், அதுவரை இருளர்கள் மேலேதான் மொள்ள வேண்டும் என்றாள். தாளிலும் எழுதிக் கொடுத்தாள்.

"ஆவட்டும்மா, பாக்கலாம்" என்று பஞ்சாட்சரம் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உத்திரமேரூர் பஸ் ஏறும்வரை தேவகி அந்தச் சொல்லை நம்பினாள். பெட்டியைச் சுமந்து சென்ற அங்கம்மாளும் நம்பினாள்.

ஒரு வாரம் கழித்து அங்கம்மாளின் புருஷன் பெரியசாமி கையெல்லாம் கீறலோடு குடிசைக்கு வந்தான்.

"இன்னாயா இது?"

"மேல்தொறைக்கு வேலி போடச் சொன்னாரு ஐயா. வேலிகாத்தான் முள்ளு வெட்டிப் போட்டுட்டு வரேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மேல தண்ணி சுத்தம்னு படிச்ச பொண்ணே எயுதிக் குடுத்துட்டாளாம். அத்த நாம எறங்கிக் கெடுத்துடுவோமாம்."

"நீயேவா போட்ட?"

"நா போடலன்னா வேற எவனாச்சும் போடுவான்."

மூலையில் படுத்திருந்த சரசு தண்ணீர் கேட்டாள். பானையில் காலையில் மொண்ட கீழ்த்துறைத் தண்ணீர் இருந்தது. அங்கம்மாள் பானையை வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தாள். வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"எங்கடி போற?" என்று பெரியசாமி கத்தினான். பின்னால் வரவில்லை.

உச்சி வெயில். மேல்துறையில் கோவிந்தம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அங்கம்மாள் முள்ளை ஒவ்வொரு கிளையாக இழுத்து ஓரத்தில் போட்டாள். உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது. தண்ணீரில் இறங்கினாள்.

"அடிப்பாவி, ஏறுடி மேல! அவுரு காதுல வுழுந்தா உங்க குடிசைங்க இருக்காது!" என்று கோவிந்தம்மாள் கத்தினாள்.

அங்கம்மாள் குடத்தை அமிழ்த்தினாள். "கொயந்தைக்குத் தண்ணிம்மா" என்று மட்டும் சொன்னாள்.

கோவிந்தம்மாள் தன் பித்தளைக் குடத்தைத் தூக்கினாள். தீட்டாகிவிட்டது என்று முனகி, நிறைந்திருந்த தண்ணீரை அங்கம்மாளின் கண்ணெதிரே ஓடையில் கவிழ்த்தாள்.

அங்கம்மாள் நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கொட்டுங்கம்மா. நீங்க கொட்டறதெல்லாம் எங்களாண்டதான் வருது. இன்னிக்குதான் நல்ல தண்ணியா வருது."

விலக்கிய முள்ளைத் திரும்ப வைக்காமல் கரையேறி நடந்தாள்.