தலைகீழாய் ஒட்டிய இறகு

அக்காவின் வாய் சும்மா இருக்காது. அன்று தேர்வுப் போட்டியின் முதல் சுற்று பாதிகூடத் தாண்டவில்லை; கயிற்றுக்கு இந்தப் பக்கம் பார்வையாளர்களோடு நின்றிருந்தவள், வில்லும் கையுமாக நின்ற தங்கையைப் பார்த்து, "சிட்டு, ஜிப்பைப் போடு, குளிருது" என்று சொல்லிவிட்டாள். சொன்னது அவ்வளவுதான். நடுவர் விசிலை ஊதினார். போட்டியாளரிடம் வெளியிலிருந்து யாரும் பேசக்கூடாது, கை காட்டக்கூடாது, தலையைக்கூட ஆட்டக்கூடாது, இது எச்சரிக்கை, இன்னொரு தடவை நடந்தால் எய்யும் பெண்தான் போட்டியை விட்டு வெளியே போக வேண்டியிருக்கும் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். சிட்டு காதெல்லாம் சிவக்க ஜிப்பை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அக்கா கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்ளாத குறைதான்.

மரவில் பிரிவில் அணிக்கு ஒரே ஓர் ஆள்தான் எடுக்கிறார்கள். சிட்டு போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் இரண்டாவதாக வந்து, முதலில் வந்தவளுக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். ஆகவே இன்று விட்டால் விட்டதுதான். இது சிட்டுவுக்குத் தெரியும், பயிற்சியாளருக்குத் தெரியும். அக்காவுக்கோ ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்குச் சலவை ஆலையில் ராத்திரி வேலை, பகலில் தூக்கம். அதனால் சிட்டுவை வளர்த்தது பாதிக்குமேல் அக்காதான். சின்ன வயதில் தலை பின்னிவிட்டது, ஷூ லேஸ் கட்டிவிட்டது, பேனாவுக்கு மை நிரப்பிக் கொடுத்தது எல்லாம் இவள். வில் பிடிக்க ஆரம்பித்த பிறகு அந்த வேலையும் தானாக இவள் கைக்கு வந்து சேர்ந்தது. துணி திருத்தும் கடையில் காஜா எடுப்பவளுக்கு விரல் எப்படி இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். நாணுக்கு மெழுகு தேய்ப்பாள், அம்பின் வாலுக்கு இறகு ஒட்டுவாள். எல்லாவற்றையும்விட அவள் கண்ணும் கருத்துமாகச் செய்தது அம்பு உட்காரும் இடத்தைத்தான்.

வில்லின் பிடிக்கு மேலே ஒரு சின்ன வெட்டு இருக்கும், அம்பு அதில்தான் உட்காரும். வெறும் மரத்தில் வைத்தால் உரசும், சத்தம் போடும், போகிற வழியில் கோணும். மற்ற பிரிவுக்காரர்கள் அங்கே கம்பியோ பிளாஸ்டிக்கோ மாட்டிக்கொள்வார்கள். மரவில்லில் அதெல்லாம் ஆகாது, இறகு மட்டும்தான். விரல் நகத்தளவு இறகுத் துண்டை அந்த வெட்டில் டேப் போட்டு ஒட்டிவிட்டால், அம்பு அதன்மேல் மெத்தையில் போவதுபோல வழுக்கிக்கொண்டு போகும். ஒரே ஒரு விஷயம், இறகின் இழைகள் இலக்கின் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். மாற்றி ஒட்டினால், பூனையின் முதுகை எதிர்ப்பக்கமாகத் தடவின மாதிரி, இழையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு அம்பைத் தூக்கியடிக்கும்.

அக்கா இறகுத் துண்டுகளை நான்கு பக்கமும் நறுக்கென்று ஒரே அளவாக வெட்டி ஒரு தகர டப்பியில் எல்லாம் ஒரே திசையைப் பார்க்க அடுக்கிவைப்பாள். முன் எது பின் எது என்று பார்த்தால் தெரியாது. கட்டைவிரலால் தடவினால் அவளுக்குத் தெரியும். சிட்டு ஒரு தடவை, "குடுக்கா, நான் ஒட்டிப் பாக்கறேன்" என்று கேட்டபோது, "நீ எய்யறதைப் பாரு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று டப்பியைப் பிடுங்கிக்கொண்டாள். பாசத்தில் சொன்னதுதான், யார் இல்லையென்றார்கள்?

கடைசிச் சுற்றுக்குச் சற்று முன்னால் மழை பிடித்துக்கொண்டது. காலையில் வானம் பளிச்சென்று இருந்ததை நம்பி அக்கா வான்கோழி இறகை ஒட்டியிருந்தாள். நல்ல விறைப்பு, ஆனால் தண்ணீர் பட்டால் அவ்வளவுதான். வாத்து இறகாக இருந்தால் தாங்கியிருக்கும். சிட்டு முன்னணியில்தான் இருந்தாள். அடுத்த அம்பு தாழப் போனது. அதற்கடுத்தது இன்னும் தாழ்ந்தது. இறகு நனைந்து படுத்துவிட்டது என்பது அக்காவுக்கு அங்கிருந்தே தெரிந்தது.

சிட்டுவும் கண்டுபிடித்துவிட்டாள். கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள். பழுது பார்த்துக்கொள்ளலாம், ஆனால் போட்டியாளரே தன் கையால், நடுவர் கண்ணெதிரில், அவர் கொடுக்கிற நேரத்துக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். சிட்டு இடுப்புப் பையிலிருந்து தகர டப்பியை எடுத்தாள். எப்போதும் தன் மடியில் திறக்கிற டப்பி தங்கையின் ஈரக்கையில் திறப்பதை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பத்து விரலும் பரபரத்தன.

சிட்டு பழைய இறகைச் சுரண்டினாள். மரத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள். ஒரு துண்டை எடுத்து இப்படிப் பார்த்தாள், அப்படிப் பார்த்தாள். ஈரவிரல் பட்டதும் அந்தத் துண்டும் நனைந்தது. நனைந்த இறகு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கண்ணுக்குச் சொல்லவே சொல்லாது. தடவிப் பார்க்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாதே. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். சிட்டு அவசர அவசரமாக ஒட்டி அழுத்தினாள்.

அவள் துண்டைத் திருப்பிப் பிடித்திருந்தாள். தான் அடுக்கிவைத்த டப்பியிலிருந்து எடுத்த கை திரும்பிய விதத்திலேயே அக்காவுக்கு விளங்கிவிட்டது.

வில்லைத் தூக்கிக்கொண்டு சிட்டு திரும்பினாள். நேராக அக்காவின் முகத்தைப் பார்த்தாள். சரியா என்று கேட்கிற பார்வை. சின்ன வயதிலிருந்து அவள் பாதி விஷயங்களை அந்த முகத்தில்தான் படித்துக்கொண்டாள். அக்காவின் முகமும் ஒன்றையும் ஒளிக்கத் தெரியாத முகம். புருவம் கொஞ்சம் நெரிந்தால்கூட நடுவர் பார்த்துவிடுவார். சொன்னால் சிட்டு வெளியே போகிறாள். சொல்லாவிட்டால் அம்பு எங்கேயோ போகிறது. என்ன செய்வாள் பாவம்? சட்டென்று மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

எதிரே கழிப்பறைக் கட்டடத்தின் சுவரும் ஒரு குழாயும் இருந்தன. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் நாண் அதிர்ந்தது. கூடவே சர்ரென்று ஓர் உரசல். வைக்கோல் இலக்கில் அம்பு இறங்கினால் தொப்பென்று கேட்கும். இது டக்கென்று மரச்சட்டத்தில் கேட்டது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் பெரிய குடை பிடித்துக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார். சிட்டுவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பெண்ணின் தாயார். நல்ல மனசு, ஆனால் வானொலிப்பெட்டி மாதிரி எதையும் சொல்லாமல் இருக்கத் தெரியாது. இந்தப் பெண் ஏன் சுவரைப் பார்த்து நிற்கிறாள் என்று புரியாமல் குடையை அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தபடி, இலக்கில் படவேயில்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன் என்கிற ரகம்.

கொஞ்ச நேரம் நாண் சத்தமே கேட்கவில்லை. பிறகு கேட்டது, உரசல் இல்லாமல். தொப்.

"உங்க தங்கச்சி இறகைப் பிச்சுப் போட்டுட்டாளேம்மா. விரல் மேல வெச்சு எய்யறா."

இறகு இருந்த உயரத்துக்கு வில் பிடித்த கையின் சுட்டுவிரலைத் தூக்கி, அதன்மேல் அம்பை வைத்து எய்கிறாள். எய்யலாம்தான். ஆனால் அம்பின் வாலில் ஒட்டியிருக்கும் இறகின் தண்டு முனை ஒவ்வொரு தடவையும் விரலைக் கீறிக்கொண்டு போகும். அதற்கென்றே ஒரு தோல் உறை இருக்கிறது. எங்கே இருக்கிறது? அக்காவின் கைப்பையில், மெழுகுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில். எல்லாவற்றையும் தானே சுமந்தால்தானே அவளுக்குத் திருப்தி. உறையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். கொடுக்க முடியாது. காட்டக்கூட முடியாது.

தொப். தொப். ஒவ்வொரு சத்தத்துக்கும் உறை அவள் கைக்குள் கசங்கியது. ரத்தம் வருகிறதே என்று குடைக்காரம்மா சொன்னார். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பார்த்தால் தங்கையின் பெயர் வாயில் வந்துவிடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சட்டத்தில் போன அந்த ஓர் அம்புதான் கணக்கைக் கெடுத்தது. தாழப் போன இரண்டைத் தவிர மற்றவையெல்லாம் நன்றாகவே விழுந்திருந்தன. சிட்டு மறுபடியும் இரண்டாவது. குடைக்காரம்மா சந்தோஷத்தில் முதலில் கட்டிக்கொண்டது அக்காவைத்தான்; பிறகுதான் விஷயம் உறைத்து விலகிக்கொண்டார். தூரத்தில் சிட்டு ஒரு கையை மடக்கி வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் தட்டி முதலில் வந்தவளுக்குக் கைதட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் சிட்டு உட்கார்ந்தாள். முதலுதவிக்காரர்கள் விரலைக் கழுவி மருந்து போட்டு, கட்டு நனைந்தால் மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒரு சுருள் துணியும் கொடுத்திருந்தார்கள்.

"ஏன்க்கா திரும்பிக்கிட்ட?"

"என் மூஞ்சி சொல்லிடும்னுதான்."

"எம்மேல கோவம்னு நினைச்சேன்." சிட்டு வெளியே பார்த்தாள். "தலைகீழா ஒட்டியிருந்தேனா?"

"ஆமா."

"எப்படித் தெரியும், எந்தப் பக்கம்னு?"

"கட்டைவிரலால தடவினா தெரியும்."

சிட்டு தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்கா எப்படியாவது தாங்கியிருப்பாள்.

"இவ்வளவுதானா? இதை நீ ஒரு நாள் சொல்லியிருக்கலாமேக்கா."

அக்கா என்ன சொல்வாள்? சொல்லிக்கொடுத்தால் அப்புறம் நான் எதற்கு என்று தோன்றியதையா சொல்வது? அது அவளுக்கே இப்போதுதான் தெரியும்.

விரலின் கட்டு நனைந்து ரத்தம் ஊறியிருந்தது. அக்காவின் கை வழக்கம்போல முன்னால் போய், சுருள் துணியை எடுக்கப் பார்த்தது. சிட்டு துணியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா. நானே போட்டுக்கறேன்."

பல்லால் துணியின் நுனியைக் கடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் சுற்ற ஆரம்பித்தாள். தளர்வாக, கோணலாகச் சுற்றினாள். இரண்டு சுற்று முடிவதற்குள் அவிழ்ந்தது. மறுபடி முதலிலிருந்து சுற்றினாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அதுவும் அவிழ்ந்தது.

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.