கார்த்திகையில் அருந்ததி

என் பெண் அமலாவுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது நான்தான். வேறு யார் மேலும் பழியைப் போட எனக்கு யோக்கியதை இல்லை.

தொண்ணூற்றேழு கார்த்திகையில், கல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் வாடகைக்கு எடுத்த வீட்டில் கல்யாணம். அவள் ஜாதவ்பூரில் பௌதிகம் எம்.எஸ்ஸி. படித்தவள். மாப்பிள்ளை ராகவேந்திரனுக்கு மூன்று மணி நேர ரயில் தூரத்தில், ஒரு இரும்பாலை டவுன்ஷிப்பில் வேலை. அருந்ததி பார்ப்பதை இப்போதெல்லாம் பட்டப்பகலிலேயே முடித்துவிடுகிறார்கள். மேலே கையைக் காட்டினால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான். சம்பந்தியம்மாள் சாஸ்திரத்தில் கறார். இருட்டின பிறகுதான் என்று எல்லாரையும் மொட்டைமாடிக்கு ஏற்றினாள்.

சாஸ்திரிகள் வடக்கே கையைக் காட்டினார். "அதோ அருந்ததி. பார்த்தாச்சோ?"

"பார்த்தேன்" என்றான் மாப்பிள்ளை, வாட்சைப் பார்த்துக்கொண்டே.

என் அசட்டுப் பெண் நிஜமாகவே தேடினாள். "இல்லையே மாமா! இப்போ தெரியாது. பூமி சூரியனைச் சுத்திண்டே இருக்கோல்லியோ, அதனால ராத்திரி தெரியற வானமும் மாசத்துக்கு மாசம் மாறிண்டே இருக்கும். கார்த்திகையில சப்தரிஷி மண்டலம் இருட்டறதுக்குள்ளயே அஸ்தமிச்சுடும். சித்திரையில வாங்கோ, விளக்கு வைக்கற நேரத்துலயே பளிச்சுனு காட்டறேன்."

"கல்யாணப் பொண்ணு வாயாலயே அருந்ததி இல்லேங்கறாளே!" என்றாள் சம்பந்தியம்மாள்.

அமலாவின் பின்னால் போய் நின்று இடுப்பில் நறுக்கென்று கிள்ளினேன். "பார்த்தேன்னு சொல்லித் தொலைடி" என்றேன் காதோடு.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒன்றுமில்லாத அந்த வடக்குப் பக்கத்தைப் பார்த்து, "பார்த்தேன்" என்றாள். கீழே போய்ச் சாப்பிட்டோம். பாயசம் பிரமாதம் என்று நானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள். "நன்னா இருக்கியாடி?" "நன்னா இருக்கேம்மா." பொங்கலுக்கு வந்தபோது முழங்கைக்கு மேல் கன்றிப்போயிருந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாள். நான் அதை நம்பினேனா? நம்பவில்லை. நம்பிவிட்டால் சௌகரியம், அதனால் மேலே கேட்கவில்லை. பிடித்து உலுக்கியிருக்க வேண்டாமோ, நானும் ஒரு தாயா? புளிக்காய்ச்சலை பாட்டிலில் அடைத்துக் கொடுத்து ரயிலேற்றி அனுப்பினேன்.

பங்குனி கடைசியில் சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தது. கிரசின் ஸ்டவ் வெடித்து அமலா போய்விட்டாளாம். அந்த வீட்டில் காஸ் அடுப்புதான். ஸ்டவ்வே கிடையாது, பாவிகளா!

நானும் என் கணவர் ராஜாராமனும் அந்த ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம். இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி. என்னை மாஷிமா என்று, நாம் சித்தி என்கிற மாதிரிதான், கூப்பிட்டார். "மாஷிமா, உங்கள் பெண் ஒரே ஒரு தடவையாவது குறை சொன்னாளா? கடிதம் ஏதாவது உண்டா?" என்று வங்காளியில் கேட்டார்.

"இல்லை. நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாள்" என்றேன்.

"ஒவ்வொரு வாரமுமா?"

"ஒவ்வொரு வாரமும்."

அவர் பேனாவை மூடிவைத்தார்.

கல்கத்தா திரும்பினோம். சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். ஒருநாள் சாயங்காலம் லோட்ஷெடிங், கரண்ட் இல்லை. உள்ளே புழுக்கம் தாங்காமல் இரண்டு பேரும் மொட்டைமாடிக்குப் போனோம். தெருவே இருண்டு கிடந்தது. வடகிழக்கே ஏழு நட்சத்திரமும் பளிச்சென்று வந்திருந்தன. வசிஷ்டரை ஒட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், சின்னதாக அருந்ததி. அமலா சொன்ன மாசம், அவள் சொன்ன நேரம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்கு வாய்த்தது இந்த அருந்ததி தரிசனம்.

"ஏன்னா, அன்னிக்கு அவ சொன்னதுதான் நிஜம்" என்றேன். "நான்தான் கிள்ளிப் பொய் சொல்ல வெச்சேன். உங்களுக்குத் தெரியாது."

அவர் வானத்தைப் பார்க்கவே இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"தெரியும். பக்கத்துலதானே நின்னேன்" என்றார். "நீ கிள்ளலேன்னா நான் கிள்ளியிருப்பேன்."