நர்சம்மா பார்த்த நாடகம்

முதியோர் சங்கத்தார் வேன் வைத்து அழைத்துப்போன நாடகம் அது. கடைசிக் காட்சியில் கதாநாயகன் செத்து விழுந்தான். அழுவதற்கென்றே வந்ததுபோல அரங்கமே மூக்கை உறிஞ்சியது. ஓய்வுபெற்ற நர்சம்மா மட்டும் அசையவில்லை. உயிர்போன நேரத்தைக் குறித்துவைக்கும் பழைய பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த நாத்தனார் நொடித்தாள். “சாவைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு மனசே மரத்துப்போச்சு, அண்ணி.”

இறங்கிய திரை மறுபடி உயர்ந்தது. செத்தவன் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சிரித்தபடி கும்பிட்டான். எல்லோரும் கைதட்ட, நர்சம்மா பொலபொலவென்று கண்ணீர் விட்டாள்.

“அட, என்ன அண்ணி இது? அவன்தான் எந்திரிச்சுட்டானே!”

“அதுக்குத்தான்டி அழறேன். என் வார்டுல ஒருத்தராவது இப்படி எந்திரிச்சிருக்கக் கூடாதா?”