பீட்ரூட்மேல் போட்ட பழி

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரப் பேருந்து ஓட்டுநர் பக்கிரிசாமிக்கு ஒரு மாதமாக மலத்தில் சிவப்பு. இரண்டு நாள் மலச்சிக்கல், மூன்றாம் நாள் வண்டியை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். எல்லாம் பீட்ரூட் செய்யும் வேலை என்று தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார். கடைசியில் வெட்கத்தை விட்டு மனைவியிடம் சொன்னார்.

"வசந்தி, இனிமே டப்பாவுல பீட்ரூட் வேணாம் லா."

"தேக்கா மார்க்கெட்ல பீட்ரூட் வாங்கி ரெண்டு மாசம் ஆச்சுங்க. டிப்போவுல என்ன சாப்பிடுறோம்னு பாக்குறதே இல்லையா?"

மறுநாள் காலையில் வசந்தியே அவரை அரசு மருந்தகமான பாலிகிளினிக்குக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பிக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள்.

"சின்னக் கட்டி, எடுத்தாச்சு. புற்றுநோய் இல்ல. இப்பவே வந்தது நல்லதாப் போச்சு, சார்," என்றார் டாக்டர்.

வேலைக்குத் திரும்பிய அன்று, சக ஓட்டுநர் சிவநேசன் கழிப்பறையிலிருந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"மிளகாய்ச் சம்பல் காரம் அண்ணே. ரத்தமே வந்துருச்சு."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா அதே சம்பலா?" என்ற பக்கிரிசாமி, கைப்பேசியை எடுத்து அவருக்குப் பாலிகிளினிக்கில் நேரம் பதியத் தொடங்கினார்.